முக்காலி போட்டு உட்கார்ந்து சொன்னவர்களுக்கு

அன்புள்ள நர்ஸம்மாவுக்கும், மாத்திரைப் பையோடு எங்கள் படியேறி வரும் தன்னார்வலர் தங்கைக்கும், செருப்பு தைத்துத் தந்த அண்ணனுக்கும், பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் வணக்கம். பெயர் போட்டால் கூச்சப்படுவீர்கள் என்று போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

என் வீட்டுக்காரர் குடியாத்தத்தில் தறி ஓட்டியவர். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மாதாமாதம் வரிசையில் நின்று மாத்திரை வாங்கி வருவார். "காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று." அத்தனை வருடத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

போன சித்திரைக் கடைசியில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு மூன்று முறை சுற்றினார். கத்திரி வெயிலில் நம் பக்கத்துக் கருங்கல் எப்படிக் காயும் என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா? மற்றவர்கள் துள்ளி ஓட, இவர் நிதானமாக நடந்தார். "சாமி புண்ணியம், சுடவே இல்லை" என்றார். வீட்டுக்கு வந்ததும் சிமென்ட் தரையில் ஈரச் சுவடு. கால் கழுவி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கொப்புளம் உடைந்து வழிந்த நீர் அது.

நர்ஸம்மா, கட்டுப் போட்டதோடு எங்களை அனுப்பியிருக்கலாம். வெளியே அவ்வளவு கூட்டம். நீங்களோ முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் பத்து இடத்தில் தொட்டீர்கள். இரண்டு இடத்தில்தான் "தெரிகிறது" என்றார். அவர் கண் திறந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். சர்க்கரை நரம்பை மரத்துப்போக வைத்துவிட்டது, வலி தெரியாததுதான் ஆபத்து என்றீர்கள். 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்கள் சிதைவதற்கு உணர்ச்சியில்லாமல் அடிபடுவதே பெரிய காரணம் என்று கண்டறிந்ததையும் சொன்னீர்கள். அவர்களுக்குக் கொடுத்த மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு இன்று என் வீட்டுக்காரர் காலில் இருக்கிறது. அண்ணா, புண் இருந்த இடத்தில் அழுத்தம் விழக்கூடாது என்று அதை இரண்டு முறை பிரித்துத் தைத்தீர்கள். கூலி ஒரு முறைக்குத்தான் வாங்கினீர்கள்.

இப்போது தினமும் ராத்திரி கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். விரல் இடுக்கை நான் துணியால் ஒற்றிவிடுகிறேன். செருப்பைக் கவிழ்த்துத் தட்டாமல் மாட்டுவதில்லை.

தங்கையே, அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை கொடுப்பதுதான் உன் வேலை. "காலைக் காட்டுங்கள் அண்ணா" என்று நீ குனிந்து பார்ப்பது உன் மனசு. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை ஈரமணல் போட்ட மண்பானைக்குள் எப்படிக் குளிர்ச்சியாக வைப்பது என்று செய்து காட்டியதும் நீதான்.

தம்பி, அன்று விடியற்காலையில் அவருக்கு வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறியபோது, சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரை கொடுப்பதா என்று நான் தடுமாறினேன். நர்ஸம்மா எழுதிக் கொடுத்துக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்தது நீ. ரத்தத்தில் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார். கருவியில் 58 காட்டியது. பிறகு 96. அதன்பின் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்.

நர்ஸம்மா, எங்கள் தெருவில் இன்னும் நிறையச் சர்க்கரைக்காரர்கள் இருக்கிறார்கள். பாதிப் பேர் இன்னும் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நைலான் இழையோடு எங்கள் திண்ணைக்கு வாருங்கள். எல்லோரையும் கூப்பிட்டு வைக்கிறேன். முக்காலியும் போட்டு வைக்கிறேன்.

நன்றியுடன்,
குடியாத்தத்திலிருந்து உங்கள் சகோதரி