உருகுவது அமிழும் தட்டு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

அந்தமானின் பாரன் தீவு எரிமலை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், புவியின் மேற்புறத்தை மூடியுள்ள பெரும் பாறைத் தட்டுகளில், பர்மா தட்டுக்கு அடியில் அமிழும் இந்தியத் தட்டு உராய்வு வெப்பத்தால் உருகிக் கற்குழம்பாகிறது என்று எழுதப்பட்டிருந்தது. இது பரவலாக நிலவும் பிழை. கடலடியில் நெடுங்காலம் கிடந்து குளிர்ந்த அத்தட்டு பெரும்பாலும் உருகாமலே இறங்குகிறது. ஆனால் அதன் கனிமங்களில் பிணைந்திருக்கும் நீர், சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தமும் வெப்பமும் மிகும்போது பிரிந்து மேலேறி, அத்தட்டுக்கு மேலுள்ள சூடான மூடகப் பாறையின் (புவி மேலோட்டுக்கு அடியிலுள்ள அடுக்கின்) உருகுநிலையைச் சில நூறு பாகை குறைத்துவிடுவதால், அப்பாறையே ஓரளவு உருகுகிறது. அக்குழம்பு பசால்ட் என்னும் கரும் எரிமலைப் பாறையாக உறையலாம். ஏறும் வழியில் படிகங்களை உதிர்த்து, மேலோட்டுப் பாறையையும் கரைத்துக்கொண்டால், சிலிக்கா மிகுந்த ஆண்டிசைட் என்னும் எரிமலைப் பாறையாகும்.

செங்கோட்டையில் 30 ஆண்டுகள் புவியியல் கற்பித்த எனக்கு, கொல்லத்திலிருந்து வரும் மீன்பெட்டிகளில் உப்புப் பட்ட பனிக்கட்டி முதலில் கரைவதைச் சொல்லித்தான் மாணவர்களுக்கு இதை விளங்கவைக்க முடிந்தது. இத்தகைய கட்டுரைகளுடன், நீர் மேலேறும் பாதையைக் குறித்த குறுக்குவெட்டுப் படம் ஒன்றையும் வெளியிடலாம்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், செங்கோட்டை