ஆப்பிளும் ஆரஞ்சும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

நீ எழுதியதில் ஒன்று மட்டும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் எது நல்லது என்று கேட்டாய். முகவர், "அது ஆப்பிள்ஸ் அண்ட் ஆரஞ்சஸ் சார், ஒப்பிடவே முடியாது" என்றாராம். நீயும் பேசாமல் வந்துவிட்டாய். அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்கிறாய்.

வகையே வேறான இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மேல் என்று கேட்காதே என்பதுதான் அர்த்தம். நாம் சொல்லும் மலையும் மடுவும் வேறு. அதில் ஒன்று உசத்தி, இன்னொன்று தாழ்த்தி. ஆப்பிளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே அந்த ஏற்றத்தாழ்வு கிடையாது. நிபந்தனைகளையெல்லாம் சமமாக்கிவிட்டு ஒப்பிட்டால் அதை 'ஆப்பிள் டு ஆப்பிள்' என்பார்கள். அலுவலகங்களில் இந்த இரண்டாவது பிரயோகம்தான் அதிகம் காதில் விழும்.

ஷேக்ஸ்பியரிடம் போனால் ஆரஞ்சு இருக்காது, சிப்பிதான் இருக்கும். 'தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ' நாடகத்தில், இவர் முகம் என் அப்பாவின் சாயல் என்று ஒருவன் சொல்ல, ஆப்பிளுக்கும் சிப்பிக்கும் உள்ள சாயல்தான் என்று வேலைக்காரன் சொல்வான். ஜெர்மன்காரர்கள் ஆப்பிளோடு பேரிக்காயைச் சேர்க்கிறார்கள். சிப்பியையாவது ஒத்துக்கொள்ளலாம். ஆரஞ்சு அப்படியா? இரண்டும் மரத்தில் காய்க்கும் பழங்கள். எடை, சர்க்கரை, வைட்டமின் சி என்று எதை வேண்டுமானாலும் ஒப்பிடலாமே. 1995-ல் நாசா விஞ்ஞானி ஸ்காட் சாண்ட்ஃபோர்ட் இரண்டையும் உலர்த்தி அகச்சிவப்பு நிறமாலை, அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை எது எவ்வளவு உள்வாங்குகிறது என்ற வரைபடம், எடுத்துப் பார்த்தார். இரண்டும் நன்றாகவே ஒத்துப்போகின்றன என்று ஒரு அறிவியல் நகைச்சுவை இதழில் எழுதினார். விளையாட்டாகச் செய்ததுதான், ஆனாலும் அதில் விஷயம் இருக்கிறது.

அதனால், ஒப்பிட முடியாது என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடிக்கக் கூடாது. எந்த விதத்தில் வேறு என்று கேட்க வேண்டும். ஜப்பானை எடுத்துக்கொள். ஆயிரம் பேரில் ஆண்டுக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று பார்த்தால், இந்தியாவைவிட அங்கே அதிகம். ஆனால் ஜப்பானியரின் சராசரி ஆயுள் 84 வயதை ஒட்டி வருகிறது. காரணம், அங்கே முதியவர்கள் அதிகம், இங்கே இளைஞர்கள் அதிகம். மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதைப் பார்த்துக் கையை விரித்துவிடவில்லை. இரண்டு நாட்டிலும் ஒவ்வொரு வயதிலும் உள்ளவர்களின் விகிதம் ஒன்றே என்று வைத்துக் கணக்கைத் திரும்பப் போடுகிறார்கள். அப்போது படம் தலைகீழாகிவிடுகிறது. வித்தியாசம் எங்கே என்று கண்டுபிடித்து அதைச் சமன்செய்தால், ஒப்பிட முடியாதது என்று சொன்னதையும் ஒப்பிடலாம்.

உன் பாலிசிகளுக்கும் இதைத்தான் செய்யச் சொல்கிறேன். உன் வயதுக்கு, ஒரே காப்புத் தொகைக்கு, இரண்டிலும் பிரீமியம் எவ்வளவு என்று எழுதி வாங்கு. அப்புறம், பில்லில் உன் பங்காக எத்தனை சதவீதம் கட்ட வேண்டும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் என்று கேள். பில்லில் ஐந்தில் ஒரு பங்கு உன் தலையில் விழும் என்றால், பிரீமியத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே அட்மிஷனில் போய்விடும். இதைச் சொல்லாமல் பழத்தின் பேரைச் சொல்லி அனுப்பியது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தத் தொடர் சரியாகப் பொருந்தும் இடமும் உன் கடிதத்திலேயே இருக்கிறது. பெரியவள் சம்பாதிப்பதுபோல் சின்னவள் சம்பாதிக்கவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறாய். ஒருத்தி வங்கியில் இருக்கிறாள், இன்னொருத்தி சித்திரம் வரைகிறாள். அவர்கள் வாழ்க்கையை எந்தக் கணக்கில் சமன்செய்வாய்? அங்கே தாராளமாக ஆப்பிள், ஆரஞ்சு என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இரு. சின்னவள் காதில் அந்த ஒப்பீடு விழவே வேண்டாம்.

இரண்டு பாலிசிகளின் நகலையும் எனக்கு அனுப்பு, உட்கார்ந்து படித்துப் பார்க்கிறேன். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
உன் நண்பன்