தோல் இருக்கைக்கு எண்ணெய் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 28 ஆண்டுகளாகக் கார் இருக்கைகளுக்குத் தோல் வெட்டித் தைத்து வருகிறேன். உங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன். சென்ற ஞாயிறன்று வாகனப் பகுதியில் ஒரு துணுக்கு வந்திருந்தது. தோல் இருக்கை வெடிக்காமல் இருக்க மாதம் ஒருமுறை சமையல் எண்ணெய் தேய்த்து வண்டியை வெயிலில் நிறுத்தலாம் என்றும், கறை படிந்தால் பற்பசை போதும் என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலையிலேயே வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, எந்த எண்ணெய் நல்லது என்று கேட்டார். அதற்குமேல் பொறுக்க முடியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

இன்று ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது வெறும் தோல் அல்ல. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனமுள்ள தோல், அதன் மேல் நிறப்பூச்சு, அதற்கும் மேலே பாலியூரித்தேன் என்னும் ஒருவகை பிளாஸ்டிக்கால் ஆன நிறமற்ற பூச்சு. இந்த மேற்பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதை வெறுமனே 'தோல்' என்று சொல்லக் கூடாது என்று சர்வதேசத் தரவிதியே இருக்கிறது. அவ்வளவு மெல்லியது. ஆனால் நம் கையும் முதுகும் தொடுவது அந்தப் பூச்சைத்தான், தோலை அல்ல. பெயின்ட் அடித்த சுவரில் எண்ணெய் தடவினால் அது செங்கல்லுக்குள் போய்ச் சேருமா?

எண்ணெய் தேய்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட குதிரைச் சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் பூச்சு கிடையாது. மழையிலும் வியர்வையிலும் அவற்றிலுள்ள கொழுப்பு வெளியேறிவிடும். திரும்ப ஊட்டித்தான் ஆக வேண்டும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரும் மெழுகு டப்பாவும் எண்ணெய்த் துணியுமாகத்தான் வேலை செய்தார். அன்றைய தோலுக்கு அது சரி. இன்றைய கார்த் தோலுக்கு வேண்டிய கொழுப்பைப் பதனிடும் இடத்திலேயே, பெரிய உருளைகளில் போட்டுச் சுழற்றி உள்ளே ஏற்றிவிடுகிறார்கள். பூச்சு அதன் பிறகுதான். பிறகு நாம் மேலே தடவும் எண்ணெய் எங்கே போகும்? ஊசித் துளைகள் வழியாகத் தையலுக்குள் இறங்கி நூலைக் கறுக்கச் செய்யும். மீதி மேலேயே நின்று தூசியைப் பிடித்து வைக்கும். நாளானால் மூடிய காருக்குள் காறல் வாடை அடிக்கும்.

சில மாதங்களுக்கு முன் பெரியவர் ஒருவர் தம் காரைக் கொண்டுவந்தார். வெளிர் பழுப்பு இருக்கைகள். ஓட்டுநர் இருக்கை மட்டும் கண்ணாடி போல மின்னியது. நல்ல தோல் என்பதால்தான் நாளாக நாளாக மெருகு ஏறுகிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். பின் இருக்கையின் நடுவில், யாரும் அதிகம் உட்காராத இடத்தைக் காட்டினேன். அங்கே துளிகூட மினுமினுப்பு இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எல்லா இருக்கையும் அப்படி மங்கலாகத்தான் இருந்திருக்கும். பிறகு ஓட்டுநர் இருக்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தை மட்டும் நுரை தொட்டுத் துலக்கினேன். வெள்ளை நுரை பழுப்பாகி, பிறகு சேற்று நிறமானது. துடைத்து எடுத்ததும் அந்த இடம் மட்டும் மங்கிப்போய்த் தனியாகத் தெரிந்தது. "ஐயையோ, பாலிஷ் போய்விட்டதே!" என்று பதறினார். "பாலிஷ் இல்லை ஐயா, வியர்வையும் உடம்பு எண்ணெயும் தூசியும் சேர்ந்து படிந்த அழுக்கு" என்று துடைத்த துணியை அவர் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, முழுவதையும் துலக்கச் சொல்லிவிட்டார்.

அந்த அழுக்கில் இருக்கும் உடம்பு எண்ணெய்தான் பூச்சை மெல்ல மெல்ல இளக்குவது. தலை சாயும் இடத்திலும் கை வைக்கும் இடத்திலும் பூச்சு முதலில் கெடுவதற்கு அதுவே காரணம். எண்ணெய் படிந்து கெடும் ஒன்றுக்கு எண்ணெயையே மருந்தாகச் சொல்லலாமா?

துலக்குவதற்குப் பெரிய வித்தை வேண்டாம், பொறுமை வேண்டும். முதலில் தூசி. வேக்குவம் கிளீனரின் முனையில் மென்மையான பிரஷ்ஷைப் பொருத்தி, உட்காரும் மெத்தையும் முதுகு மெத்தையும் சேரும் இடுக்கை விரலால் பிளந்து தூசியை உறிஞ்சி எடுக்க வேண்டும். பலரும் இதை விட்டுவிட்டு நேராக ஈரத் துணியோடு இறங்கிவிடுகிறார்கள். இடுக்கில் கிடக்கும் மணல் துணியில் ஒட்டிக்கொண்டு, உப்புத்தாள் போலப் பூச்சைக் கீறுவது அப்போதுதான். அடுத்து, தோலுக்கென்றே விற்கும் நீர் சார்ந்த கிளீனர். அதை இருக்கையின் மேல் தெளிக்காதீர்கள். குதிரை முடி பிரஷ்ஷில் விட்டு நுரை வரவழையுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு சாண் அகலம் போதும். அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை. தோலின் மேலுள்ள மெல்லிய வரிப் பள்ளங்களிலிருந்து அழுக்கைத் தூக்கிக் கொடுப்பது நுரையின் வேலை. அது காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் அழுக்கு அதே பள்ளத்தில் திரும்பப் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை. கதவுகளைத் திறந்து வைத்து நிழலில் காயவிடுங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் ஆகாது. ஈரத் தோல் சூடு பட்டால் சுருங்கி விறைத்துப்போகும்.

சிறு சிறு துளைகள் போட்ட இருக்கை என்றால் இன்னும் கவனம். அடியில் காற்றுவிசிறியோ சூடேற்றும் கம்பியோ இருக்கலாம். முன் இருக்கைகளில் ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் சென்சாரும் இருக்கலாம். துளைக்குள் இறங்கி வெள்ளையாகக் காய்ந்துபோன கிளீனரை, பல்குத்தும் குச்சியால் துளை துளையாக ஒரு நாள் முழுக்க எடுத்தவன் நான்.

மிகச் சில விலையுயர்ந்த கார்களில் பூச்சே இல்லாத, அல்லது பெயருக்குப் பூசிய தோல் இருக்கும். மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. உறிஞ்சிக் கறுத்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். மேலே நான் சொன்ன முறை அந்தத் தோலுக்குப் பொருந்தாது. தோல் இருக்கை என்று சொல்லி விற்ற காரிலேயே, உட்காரும் பரப்பு மட்டும் தோலாகவும் பக்கங்களும் முதுகுப்புறமும் ரெக்சினாகவும் இருப்பது சாதாரணம். பூச்சுள்ள தோலுக்கும் ரெக்சினுக்கும் துலக்கும் முறை ஒன்றுதான்.

பற்பசைக்கு வருகிறேன். அதில் இருப்பது தேய்த்து அராவும் நுண்ணிய துகள். பல்லின் எனாமலுக்கென்று செய்த பொருளை இந்த மெல்லிய பூச்சில் தேய்த்தால் கறையோடு நிறமும் போகும். 'எதையும் அழிக்கும்' என்று விற்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சும் அப்படித்தான். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் பூச்சை நேராகக் கரைத்தே விடும். கையில் தடவும் கிருமிநாசினியிலுள்ள ஆல்கஹாலும் லேசுப்பட்டதல்ல. 2020க்குப் பிறகு ஸ்டியரிங் தோல் பிசுபிசுத்து உரிந்துபோன வண்டிகள் என்னிடம் நிறைய வந்தன. துணி சோப்பு வேறு காரத்தன்மை உடையது. தோல் இயல்பில் சற்று அமிலத்தன்மை கொண்டது. அதற்குக் காரம் ஒத்துக்கொள்ளாது. பேனா மை கொட்டிவிட்டால் எதையும் தேய்க்காமல் உடனே ஒற்றி எடுங்கள். மிச்சம் நிற்பதைத் தெரிந்தவரிடம் விடுவதே மேல். புது ஜீன்ஸின் சாயம் வெளிர் நிற இருக்கையில் ஏறுவதைத் தடுக்க, துலக்கி முடித்த பிறகு நீர் சார்ந்த காப்புப்பூச்சு ஒன்றைத் தடவி வைக்கலாம். அது பயனுள்ள செலவு. பளபளப்புக்காக விற்கும் சிலிக்கோன் திரவம் வேண்டாம். உட்கார்ந்தால் வழுக்கும், பின்னால் நிறம் பூச வேண்டி வந்தால் பூச்சு ஒட்டாது.

சொல்லாமல் விட முடியாத இன்னொன்று. பல கார்களில் முன் இருக்கையின் கதவுப் பக்கத் தையலுக்குள் காற்றுப்பை இருக்கிறது. விபத்தின்போது தையல் பிரிந்து காற்றுப்பை வெளியே வருவதற்காகவே அதைத் தனி நூலில், தனி முறையில் போட்டிருப்பார்கள். எண்ணெயில் ஊறி அழுக்கேறிய அந்தத் தையலை யாரோ அறியாமல் தடித்த நூலால் இறுக்கித் தைத்துவிட்ட கார் ஒன்று என்னிடம் வந்தது. வெளியிலிருந்து பார்க்க அழகான தையல்தான். அந்த நூலைக் கண்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. நான் ஊசியை எடுக்கவே இல்லை; உற்பத்தியாளரின் முறைப்படி அந்தப் பகுதியையே மாற்றச் சொல்லி அனுப்பினேன். அந்தப் பக்கத்தை மறைத்து இழுத்துக் கட்டும் சாதாரண உறைகளும் இதே ஆபத்தைத்தான் செய்கின்றன.

துணுக்கைப் படித்து ஏற்கெனவே எண்ணெய் தேய்த்துவிட்டவர்கள் பதற வேண்டாம். காரை வெயிலில் விடாதீர்கள். மேலே நிற்கும் எண்ணெயை உலர்ந்த பருத்தித் துணியால், துணியை மாற்றி மாற்றி, ஒற்றி எடுங்கள். பிறகு நான் சொன்னபடி நுரை போட்டுத் துலக்கி, ஒரு நாள் விட்டு மறுபடியும் துலக்குங்கள். மூன்று முறைக்குள் பிசுபிசுப்பு போய்விடும். கறுத்த நூல் பழைய நிறத்துக்குத் திரும்பாமல் போகலாம்; அதற்காகப் பெட்ரோலோ ஸ்பிரிட்டோ தொட்டுத் தேய்க்க வேண்டாம்.

வரும் ஞாயிறன்று அதே வாகனப் பகுதியில், அந்தத் துணுக்கு வந்த அதே இடத்தில், இந்தத் திருத்தத்தை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கடிதம் நீளமாக இருந்தால் சுருக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் பற்றியும் காற்றுப்பைத் தையல் பற்றியும் எழுதியதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கார் இருக்கை தைக்கும் உங்கள் வாசகன்