பலமுத்தைக் கலக்காதே

மாப்ள,

இத்தனை நாள் பதில் போடாததற்கு நீ திட்டியதெல்லாம் வந்து சேர்ந்தது, நியாயம்தான். இங்கே எல்லோரும் சௌக்கியம். வாத்தியார் இன்னும் உன்னைக் 'குழம்புத் திலகம்' என்றுதான் விசாரிக்கிறார். நீ அனுப்பிய படத்தைக் காட்டினேன். "இது மீனா, துவையலா?" என்றார்.

இஸ்தான்புல் காதிக்கொய் சந்தையில் பலமுத் மீன் வாங்கியது சரி. செப்டம்பரில் மீன்பிடித் தடை நீங்கிக் கடல் திறந்ததும் அதுதான் மலிவு, ருசி. ஆனால் பூலாமா என்கிற அந்தத் துருக்கி மீன் குழம்பை நம்ம ஊர்க் குழம்பு மாதிரி தளதளவென்று கொதிக்கவிட்டு, கரண்டியையும் போட்டிருக்கிறாய். துண்டை இறுக்கிப் பிடித்திருக்கும் சவ்வு கொஞ்ச சூட்டிலேயே கரைந்துவிடும். அதற்குமேல் கலக்கினால் மீன் உதிராமல் என்ன செய்யும்?

இனி இப்படிச் செய். அகலமான, தட்டையான பாத்திரம், துண்டுகள் ஒரே அடுக்கில் அடங்க வேண்டும். 800 கிராம் மீனை இரண்டரை செ.மீ. கனத்தில் வெட்டச் சொல். ஈரம் ஒற்றி, லேசாக உப்புத் தடவி வை. பலமுத்தே கொழுப்பு மீன், அதனால் ஆலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி போதும். கொழுப்பு குறைந்த லெவ்ரெக் மீன் என்றால் 4. மிதமான தீயில் 2 வெங்காயத்தைப் பழுப்பாகாமல் வதக்கு. 4 பல் பூண்டு, 3 நீளப் பச்சைமிளகாய், பிறகு ஒரு மேசைக்கரண்டி மிளகாய் சல்ச்சா, அதாவது துருக்கி மிளகாய் விழுது. எண்ணெய் சிவந்து பிரியும்வரை, ஒரு 2 நிமிஷம், சல்ச்சாவை வதக்கியே ஆக வேண்டும். உன் குழம்பில் பச்சை வாடை அடித்ததற்குக் காரணம் இதுதான்.

உருளைக்கிழங்கு வேகவே இல்லை என்றாயே, தக்காளியோடு சேர்த்துப் போட்டிருப்பாய். புளிப்பு பட்டால் கிழங்கு விறைத்து நிற்கும். அரை செ.மீ. வில்லையாக நறுக்கி, ஒரு கப் வெந்நீரில் முதலில் முக்கால் பதம் வேகட்டும். அப்புறம் 4 தக்காளி, 2 பிரிஞ்சி இலை, விருப்பமானால் கால் டீஸ்பூன் சீரகத்தூள். 5 நிமிஷம் கழித்து மீனை மேலே பரப்பி, மூடி, தீயைச் சிம்மில் வை. 8 முதல் 10 நிமிஷம். கரண்டி வேண்டாம், பாத்திரத்தை இரு கையாலும் பிடித்து லேசாக ஆட்டு. கொட்டை எடுத்த எலுமிச்சை வில்லையைக் கடைசி 3 நிமிஷத்தில்தான் வைக்க வேண்டும். முன்னாலேயே வைத்தால் வெள்ளைத் தோல் கசக்கும். அடுப்பை அணைத்தபின் ஒரு டீஸ்பூன் புல் பிபெர் (துருக்கி மிளகாய்ச் செதில்), கை நிறைய பார்ஸ்லி. சூட்டு எண்ணெயில் புல் பிபெர் தீய்ந்தாலும் கசப்புதான்.

விளையாட்டு போகட்டும், ஒன்றை மட்டும் கவனி. அப்பா அடுத்த மாதம் வருகிறார், அவருக்குப் பிரஷர். சல்ச்சாவில் உப்பு உண்டு, புல் பிபெரிலும் பெரும்பாலும் இருக்கும், அது போக நீ மீனில் தடவுவது வேறு. அவருக்குச் செய்யும்போது மீனில் உப்பே தடவாதே, சல்ச்சாவைப் பாதியாக்கு, குறைகிற ருசியை எலுமிச்சை பார்த்துக்கொள்ளும். ரொட்டியிலும் உப்பு இருக்கிறது, கூடையோடு அவர் முன் வைத்துவிடாதே.

நீ மட்டும் சாப்பிடும் நாளில் ரொட்டியைத் தொட்டுத் தின்னு. சோற்றில் பிசைந்து படம் அனுப்பினாயோ, வாத்தியாரிடம் நேரே கொடுத்துவிடுவேன்.

உன்,
கிச்சா