ஒரு கட்டைவிரல் அனுப்பினேன்

அன்புள்ள முரளி,

எட்டு மாதமாக வாயைத் திறக்காதவன் எழுதுகிறான் என்றால் ஏதோ காரியம் இருக்கும் என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. இருக்கிறதுடா. முட்டி வலி தேவலையா? சரவணன் மகளுக்கு வேலை கிடைத்ததாமே, சந்தோஷம்.

போன வியாழன் மீட்டிங்கில் இருந்தேன். சைட்டிலிருந்து வாட்ஸப்பில் ஒரு படம். பீமில் ஆறு அங்குலக் குழாய்க்கு ஓட்டை விடலாமா என்று கேள்வி. எந்த இடத்தில் என்று பார்க்காமலே ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டேன்.

ராத்திரி பத்து மணிக்குக் கம்பி கட்டுகிறவர் போன் செய்தார். "தூணை ஒட்டி ரெண்டு ரிங்கை வெட்டச் சொன்னாங்க சார், வெட்டிட்டேன். மனசு கேக்கல, அதான் ஒரு வார்த்தை..." தூணை ஒட்டி! ஷியர், அதாவது பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசை, உச்சத்தில் இருக்கும் இடம். அதைத் தாங்குவதே அந்த ரிங் கம்பிகள்தான். நம் வாத்தியார் 'அரை மார்க்' வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியது இதைத்தானே?

காலையில் போனபோது இரண்டு கான்கிரீட் லாரிகள் டிரம்மைச் சுற்றிக்கொண்டு நின்றன. திருப்பி அனுப்பினேன். காண்டிராக்டர் பேசியதை எழுதினால் தாள் கறுத்துவிடும். அது போகட்டும். மேலதிகாரி தனியே கூப்பிட்டு, "நல்லவேளை தடுத்தீங்க. மேஸ்திரி கேட்காம வெட்டிட்டார்னு ரிப்போர்ட்ல ஒரு வரி போட்டுடுங்க" என்றார். ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார்.

அன்று முழுக்க அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி ஹோட்டல்தான் மண்டையில். 1981 ஜூலை 17, தொங்கு நடைபாலங்கள் விழுந்து 114 பேர் செத்தார்களே. மேல்பாலம், கீழ்ப்பாலம் இரண்டையும் ஒரே நீளக் கம்பி தாங்கவேண்டும் என்பது வரைபடம். அதை இரண்டு துண்டாக்கி, கீழ்ப்பாலத்தை மேல்பாலத்திலிருந்தே தொங்கவிட்டார்கள். ஒரு கயிற்றில் இரண்டு பேர் தொங்குவது வேறு, ஒருவன் காலை இன்னொருவன் பிடித்துத் தொங்குவது வேறு. மேல்பால இணைப்பில் சுமை இரட்டிப்பு. போனில் கேட்டுத்தான் மாற்றினோம் என்றது இரும்பு வேலை செய்த தரப்பு, அப்படி அழைப்பே வரவில்லை என்றது பொறியாளர் தரப்பு. ஆனால் மாற்றிய வரைபடத்தில் பொறியாளர் முத்திரை இருந்தது. இத்தனைக்கும் முதல் வடிவமைப்பே விதி கேட்ட பலத்தில் சுமார் 60 சதவீதம்தான். அங்கே யாரும் லஞ்சம் வாங்கவில்லை, பொய்க் கணக்கு எழுதவில்லை. யாரும் கணக்கே போடவில்லை, அவ்வளவுதான்.

நீ உடனே லெமெஷூரியரை இழுப்பாய். 1978-இல் நியூயார்க்கில் தான் வடிவமைத்த 59 மாடி சிட்டிகார்ப் கட்டடத்தின் குறையைத் தானே வெளியே சொன்னவர், ராத்திரி ராத்திரியாக வெல்டிங் வைத்துச் சரிசெய்தவர் என்பாய். சரிதான், யாரிடம் சொன்னார்? அக்கம்பக்கத்தில் தூங்கியவர்களுக்குப் பல வருடம் தெரியாதே. இந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம்.

பொறியாளனுக்குத் தைரியம் வேண்டும் என்று ஹாஸ்டல் மொட்டைமாடியில் முழங்குவாயே. எனக்கு அன்று தைரியம் குறையவில்லைடா, அந்த மனுஷருக்கு இருந்த 'மனசு கேக்கல' என்னிடம் இல்லை. அவரைத்தான் இப்போது மேஸ்திரியோடு சேர்த்து மாட்டிவிடச் சொல்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் என் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன், கட்டைவிரல் படத்தையும் சேர்த்து. நாளை கொடுக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஓட்டையை பீமின் நடுவுக்கு மாற்றிப் போட்ட கணக்கு இதோடு இருக்கிறது. தயவுசெய்து முழுசாகப் பார். நன்றாயிருக்கிறது என்று மட்டும் எழுதி அனுப்பினாயோ, அடுத்த எட்டு மாதமும் பேசமாட்டேன்.

உன்,
கணேசன்