பாப்பாவுக்கு, நான்காம் பாகத்தைப் பற்றி

ராஜபாளையம்,
டிசம்பர் 2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் கூப்பிட்டால் 'வேலையாக இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன்' என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. கடிதத்தைப் பாதியில் வைத்துவிட முடியாது என்பதால் தம்பியின் பழைய நோட்டிலிருந்து நாலு தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. அய்யனார் கோயில் பக்கம் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. தம்பி வேறு கடைக்கு மாறிவிட்டான், சம்பளம் கொஞ்சம் கூட. நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் வேலை முடிந்து தனியாக ஆட்டோவில் வராதே.

நம் வழக்கு இன்னும் தீரவில்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மே 3 அன்று 'அரண்மனை' பேய்ப் பட வரிசையின் நான்காம் பாகம், 'அரண்மனை 4', வந்தது. அன்றிரவே நீ கூப்பிட்டாய். முதல் பாகத்துக்கு எதுவும் ஈடாகாது என்றாய். நான் நான்காம் பாகம்தான் சிறந்தது என்றேன். மாப்பிள்ளை உன் பின்னாலிருந்து, "இல்லை மாமா, இரண்டாம் பாகம்தான்" என்று குரல் கொடுத்தார். அதன்பிறகு ஞாயிறுதோறும் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு மூன்று பேரும் வாதாடினோம். அம்மாகூட, "ஒரு பேய்ப் படத்துக்கு இவ்வளவு பேச்சா" என்று சலித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். ஆகஸ்டோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. நின்ற இடத்திலிருந்து நான் தொடர்கிறேன்.

உன் கட்சியை நான் மறுக்கவில்லை. 2014 செப்டம்பரில் தியேட்டரில் முதல் படத்தை ஓட்டியவன் நான். ஆபரேட்டர் ரூமின் ஓட்டை வழியாக நான் திரையைப் பார்ப்பதைவிடத் தலைகளைப் பார்ப்பதுதான் அதிகம். அது உனக்குத் தெரியும், ஸ்டூலில் ஏறி நின்று நீயும் பார்த்திருக்கிறாய். கூட்டம் உண்மையாகப் பயப்படும்போது முதலில் கத்தல் வராது. பின்சாய்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்வார்கள். நாற்காலிகள் ஒன்றாகக் கிரீச்சிடும். அதற்குப் பிறகுதான் கத்தல். அந்தப் படத்தில் அந்தக் கிரீச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. சந்தானம் வந்தால் சிரிப்பு, பேயாக ஹன்சிகா வந்தால் கிரீச். சிரிப்புப் படம் எடுத்தே பேர் வாங்கிய சுந்தர் சி இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். சிரித்து வாய் திறந்திருக்கும் ஆளைப் பயமுறுத்துவது சுலபம். தியேட்டர் சவுண்ட் மெஷினில் ஒலியளவு ஏழில் நிற்க வேண்டும் என்பது விதி. பேய்ப் படமென்றால் பலர் எட்டுக்கு ஏற்றுவார்கள். நான் அந்தப் படத்தை ஆறிலேயே ஓட்டினேன், அப்படியும் கூட்டம் பயந்தது. நல்ல படத்துக்கு அதுதான் என் கணக்கு.

மூன்றாம் பாகத்தை நாம் மூவருமே தாங்கிப் பேசவில்லை. ஆனால் அதற்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். 2021 அக்டோபரில் அது வந்தபோது கொரோனாவால் பாதி இருக்கைதான் அனுமதி. ஒரு சீட்டு விட்டு ஒரு சீட்டில் பேப்பர் ஒட்டியிருந்தோம். பயம் தொற்றுவது, பாப்பா. பக்கத்துச் சீட்டுக்காரன் நிமிர்ந்தால்தான் நமக்கும் முதுகு நிமிரும். நடுவில் காலி நாற்காலி இருந்தால் எந்தப் பேயும் தோற்றுப்போகும். ஏப்ரலில் இறந்துபோன விவேக் திரையில் வந்து நின்றபோது யாரும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள், பிறகு அமைதியாகிவிட்டார்கள்.

அந்த மாதம்தான் நீ என்னைக் கூப்பிட்டு, "அப்பா, மூன்றாம் பாகம் எப்படி ஓடுகிறது?" என்று கேட்டாய். உன் கல்யாணத்துக்குப் பிறகு ஐந்து வருடத்தில் நாம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசியது அன்றுதான். நாற்பது நிமிடம் பேசினோம். போனை வைத்த பிறகு அம்மா, என்ன சொன்னாள் என்று கேட்டாள். படம் பற்றிக் கேட்டாள் என்றேன். அவ்வளவுதானா என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

சரி, நான்காம் பாகத்துக்கு வருகிறேன். நாலு படமும் ஒரே அச்சு என்கிறாய். பழைய பங்களா, அநியாயமாகச் செத்த பெண், துப்புத் துலக்க வரும் அண்ணன், கடைசியில் அம்மன் பாட்டு. முதல் பாகப் பேயின் பெயர் செல்வி, நான்காம் பாகத்திலும் செல்விதானே, பெயரைக்கூட மாற்றவில்லையே என்று கேட்டாய். அச்சு ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். முறுக்குக்கும் அச்சு ஒன்றுதான், மாவு மாறினால் ருசி மாறாதா? முதல் இரண்டு படத்திலும் பேய் பழிவாங்க வருகிறது. நான்காவதில் தமன்னாவின் செல்வி பிள்ளையைக் காப்பாற்ற வருகிறாள். கெட்டது வேறு ஒன்று: அஸ்ஸாம் பக்கத்துக் கதைகளில் வரும் பாக். தண்ணீரில் வாழ்வது. ஆளைக் கொன்றுவிட்டு அதே ஆளின் உருவத்தில் வந்து நிற்கும். செத்தவள் காவல் நிற்கிறாள், உயிரோடு இருப்பவர் போல் வருவதுதான் ஆபத்து. இதை முதல் மூன்று படமும் செய்யவில்லை. கிராபிக்ஸ் சில இடங்களில் கண்ணை உறுத்துகிறது. சிரிப்புக்கு முதல் பாகம் அளவு வலுவில்லை. கடைசியில் குஷ்பூவும் சிம்ரனும் ஆடும் அம்மன் பாட்டை நீ வம்பு என்கிறாய். எங்கள் வரிசையில் இரண்டு பேருக்கு அருள் வந்துவிட்டது, நான் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்த வருடம் முதல் நாலு மாதமும் தியேட்டர்கள் ஈ ஓட்டின. ஏப்ரலில் பழைய 'கில்லி'யைத் திரும்ப ஓட்டித்தான் பலர் கரண்ட் பில் கட்டினார்கள். அப்படிப்பட்ட கோடையில் குடும்பத்தோடு ஜனங்களைத் தியேட்டருக்கு இழுத்து வந்தது இந்தப் படம். பத்து வருடத்தில் நாலாவது முறையாக ஒரே கதையைச் சொல்லிக் கூட்டம் சேர்ப்பது சின்ன வேலையா? முதல் மூன்றிலும் இருந்த மனோபாலா மட்டும் இதில் இல்லை. அவர் போய்ச் சரியாக ஒரு வருடம் ஆன அன்றுதான் படம் வந்தது. இதில் நடித்த டெல்லி கணேஷும் நவம்பரில் போய்விட்டார். அந்தச் செய்தி வந்தபோது நீ கூப்பிடுவாய் என்று நினைத்தேன். அவர் என்றால் உனக்கு எவ்வளவு பிடிக்கும்! கூப்பிடவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. அம்மா எடுத்து வைத்த சேலை பீரோவில் அப்படியே இருக்கிறது.

உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் கண் ஆபரேஷனுக்கு யாரையும் கேட்காமல் பணம் கட்டினவள் நீ. தெருவில் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் தனியாக வராதே.

போன வாரம் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று தெரிந்தது. ஆகஸ்டிலிருந்து மாப்பிள்ளையின் குரலை நான் கேட்கவே இல்லை. ஒரு ஞாயிறு தூங்குகிறார் என்றாய். ஒரு ஞாயிறு ஆபீஸ் போயிருக்கிறார் என்றாய். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸா என்று அம்மா கேட்டாள், நான் அவளை அதட்டிவிட்டேன். நீ 'நன்றாக இருக்கிறேன்ப்பா' என்று சொல்லும் குரல் உன் குரல்தான். ஆனால் அது உன் உருவத்தில் வந்து நிற்கும் வேறு யாரோ பேசுவது போல் இருக்கிறது. படம் பார்த்த பாதிப்பு என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். சமாதானம் ஆகவில்லை. அவரிடம் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது, அதற்காகத்தான் அவரைத் தேடுகிறேன் என்று வைத்துக்கொள்.

அந்தக் கேள்வி இதுதான். இரண்டாம் பாகம் ஏன் என்று நான் கேட்டபோது, "அதில் வரும் கதைதான் உண்மைக்குப் பக்கம், மாமா" என்றார். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணைக் கௌரவம் என்று சொந்த வீட்டாரே கொன்றுவிடும் கதை. நான் உடனே பாட்டு சரியில்லை, சிரிப்பு சரியில்லை என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். அவர் விட்டுக்கொடுத்தார். அவருக்கு நான் பதில் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன், நீ அவருக்கும் படித்துக் காட்டு, காட்ட முடிந்தால்.

2016 பிப்ரவரியில் நீங்கள் இரண்டு பேரும் பதிவு செய்துகொண்ட அன்று மேட்டினிக்கு அந்த இரண்டாம் பாகம்தான் ஓடிக்கொண்டிருந்தது. பதிவு ஆபீசுக்கும் தியேட்டருக்கும் நடந்தால் பத்து நிமிடம். முந்தின இரவு மாப்பிள்ளை போன் செய்து, வந்து ஒரு கையெழுத்துப் போடுங்கள் மாமா என்றார். மேட்டினி இருக்கிறது, ஆபரேட்டர் ரூமை விட்டு வர முடியாது என்றேன். அம்மாவும் தம்பியும் மட்டும் வந்தார்கள். பிறகு நீங்கள் மாலையோடு தியேட்டர் வாசலுக்கே வந்தீர்கள். வாட்ச்மேன் மேலே ஏறி வந்து சொன்னான். படம் ஓடுகிறது என்று சொல்லி அனுப்பினேன். மாடிப்படி ஜன்னலிலிருந்து உன்னைப் பார்த்தேன். ஹன்சிகா படம் போட்ட பேனருக்குக் கீழே நின்றாய். மாலையின் ரோஜா இதழை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாய். கீழே போடவில்லை. இருபது நிமிடம் நின்றீர்கள். உள்ளே திரையில் ஒரு வீடு தன் பெண்ணைக் கொன்றுகொண்டிருந்தது, நான் அதை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது ரீல் காலம். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மெஷின் மாற்ற வேண்டும். கார்பன் குச்சியை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. நீ பிறந்த அன்றுகூட இரண்டாவது ஆட்டம் முடித்துத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன், அது பொய் இல்லை. ஆனால் 2016-இல் எல்லாம் டிஜிட்டல். பட்டனை அழுத்தினால் தானே ஓடும், இடைவேளைக்குத் தானே நிற்கும். நான் கீழே டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். அன்று மட்டும் போகவில்லை. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

உன் மாமியார் வீட்டில் கேட்டபோது, "அப்பாவால் ஆபரேட்டர் ரூமை விட்டு வர முடியாது, ரீல் மாற்ற வேண்டும்" என்று நீ சொன்னதாக அம்மா சொன்னாள். உனக்கு டிஜிட்டல் தெரியும். தெரிந்தே எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாய். எட்டு வருடமாக அதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காம் பாகத்தில், விருப்பப்பட்டவனோடு போய்விட்ட தங்கை செத்த பிறகுதான் அண்ணன் பதறியடித்துக்கொண்டு வருகிறான். அந்தக் காட்சியில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தம்பி பக்கத்தில் இருந்ததால் குனிந்து செருப்பைத் தேடுவது போல இருந்துவிட்டேன். அந்தப் படம் எனக்கு ஏன் பெரிது என்று ஞாயிறுதோறும் வாதாடினேனே, இதை மட்டும் சொல்லவில்லை.

தவறு என்னுடையது, பாப்பா. அவரிடமும் சொல்.

அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் செய்து வைத்திருக்கிறாள். கூரியரில் அனுப்பினால் டப்பா உடைந்து எண்ணெய் வழிந்துவிடும், நேரில் கொண்டுவந்தால்தான் நல்லது. பெங்களூருக்கு இங்கிருந்து ராத்திரி பஸ் இருக்கிறது, காலையில் இறங்கிவிடலாம். இப்போது என்னைப் பிடித்து வைக்க எந்த மேட்டினியும் இல்லை. வீட்டில் என்ன நடக்கிறது என்று நான் கேட்க மாட்டேன், நீயும் சொல்ல வேண்டாம். 'முதல் பாகம்தான் நல்ல படம்' என்று ஒரு வரி அனுப்பு. அன்றைக்கே பஸ் ஏறிவிடுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா