40 பாடத்துக்குப் பணம், 14 பாடத்துக்கு வகுப்பு: ஜெர்மன் மொழிப் பயணம் பற்றிய புகார்

தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்,
18.8.2025

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: மே 2025 பள்ளி மாணவர் ஜெர்மன் மொழிப் பயணம், பேக்கேஜ் 2 – பணத்தைத் திரும்பக் கேட்டு ஐந்தாவது கடிதம்.

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். முதல் நான்கு கடிதங்களும் மெயிலில் அனுப்பியவை. நான்குக்கும் பதில் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" நான்கு முறையும் இதே வரி. எது தீர்ந்தது, யார் தீர்த்தார் என்று கேட்டால் பதில் கிடையாது. அதனால்தான் இதை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிய ஆள் யாரென்றாவது தெரியட்டும்.

பேக்கேஜ் 2 என்றால் ஜெர்மன் குடும்பத்தோடு தங்கிப் படிப்பது என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, நீங்கள் அச்சடித்த நீலத் தாளின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. பேக்கேஜ் 1-க்கும் அதற்கும் 45,000 ரூபாய் வித்தியாசம் எதற்காக என்பதும் அதிலேயே இருக்கிறது. என் மகள் ஒன்பதாம் வகுப்பு. மூன்று வருடமாக ஜெர்மன் படிக்கிறாள். இந்த மாவட்டத்தில் நர்ஸிங் படித்த பிள்ளைகள் எத்தனை பேர் ஜெர்மனி போகிறார்கள், அதற்கு மொழித் தேர்வு எழுத எப்படிக் கஷ்டப்படுகிறார்கள் என்று பார்த்துத்தான் சின்ன வயதிலேயே சேர்த்துவிட்டோம். என் மனைவி மஸ்கட்டில் நர்ஸ். அவள் இரண்டு வருடம் சேர்த்து வைத்த பணம்தான் உங்களிடம் 2,20,000 ரூபாயாக வந்தது. அதற்கு மேல் விசா கட்டணம் 9,500. அதற்கு மேல் டிசிஎஸ், அதாவது வெளிநாட்டுப் பயணத்துக்கென்று நீங்கள் பிடித்த வரி, 11,000.

முதலில் ஜூன் 17-ஆம் தேதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வரிசையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் அதைச் சொல்லாமல் கை மற்றதற்குப் போக மறுக்கிறது.

அன்று காலை பதினொன்றரை மணிக்கு உங்கள் சேவை எண்ணுக்குப் போன் செய்தேன். இருபது நிமிடம் இசை கேட்டேன். அப்புறம் ஒரு தம்பி எடுத்தார். பெயர் கேட்டேன், "அது அவசியமில்லை சார்" என்றார். சரி. "தம்பி, பிள்ளைகள் ஊருக்கு வந்து ரெண்டு வாரம் ஆச்சு, எப்பம் பைசா தருவிய?" என்று கேட்டேன். இதில் என்ன தப்பு? எங்கள் ஊரில் மரியாதையாகத்தான் இப்படிக் கேட்போம். அவர் சிரித்தார். "எப்பமா? சார், நீங்க பேசுறது மலையாளமா? பக்கத்துல தமிழ் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா போனைக் குடுங்க" என்றார். பின்னால் இன்னொருவர் சிரித்ததும் கேட்டது. அடுத்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இணைப்பைக் கேரளப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்.

கேரளப் பிரிவில் எடுத்த பெண் மரியாதையான பிள்ளை. பொறுமையாகக் கேட்டு, பின்கோடு 629 என்று பார்த்ததும், "சாரே, இது தமிழ்நாடு ஃபைலாணு" என்று சொல்லித் திரும்பத் தமிழ் வரிசைக்கே அனுப்பினார். மறுபடி இசை. மறுபடி அதே தம்பி. என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார்.

தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடி, 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆள் பறிகொடுத்த மாவட்டம் இது. 1956 நவம்பர் 1-இல்தான் எங்களைச் சேர்த்தார்கள். சேர்த்து இத்தனை வருடம் கழித்து, என் பணத்தில் சம்பளம் வாங்கும் ஒருவர் நான் பேசுவது தமிழா என்று கேட்கிறார். அதுவும் மொழி கற்றுத் தருகிறோம் என்று பலகை வைத்திருக்கும் கம்பெனியில்! தொகை சின்னதாக இருந்திருந்தால் இந்த ஒரு போனுக்குப் பிறகு விட்டிருப்பேன். இப்போது விடுவதாக இல்லை. அந்த அழைப்பு பதிவு செய்யப்படும் என்று உங்கள் இயந்திரமே சொன்னது. அதைப் போட்டுக் கேளுங்கள்.

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

மே 18 ஞாயிற்றுக்கிழமை மாலை பிள்ளைகள் 16 பேரும் இரண்டு ஆசிரியைகளும் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கி, பஸ்ஸில் பான் (Bonn) நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள், ஜெர்மன் குடும்பத்தோடு தங்கல், காலைச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் அவர்கள் மேஜையில், காதில் விழுவதெல்லாம் ஜெர்மன். இதுதானே பேக்கேஜ் 2? பஸ் நின்றது ஊருக்கு வெளியே ஒரு இளைஞர் விடுதி வாசலில். "ஹோஸ்ட் குடும்பங்கள் நாளைக்கு வரும்" என்றார் உங்கள் வழிகாட்டி. நாளை வந்தது, குடும்பம் வரவில்லை. பதிமூன்று ராத்திரியும் விடுதிதான், ஒரு அறைக்கு ஆறு பேர்.

போய் இறங்கிய ராத்திரி சாப்பாடு ஏற்பாடு இல்லை. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு, அங்கே சட்டமே அப்படி. வருடக்கணக்காக ஆள் கூட்டிப் போகும் உங்களுக்கு இது தெரியாதா? என் அம்மா மூன்று நாள் மெனக்கெட்டு, தங்கப்போகும் வீட்டு அம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லி முந்திரிக்கொத்து செய்து டப்பாவில் அடைத்துக் கொடுத்திருந்தார். பாசிப்பயறும் கருப்பட்டியும் போட்டது, கெடாது. "இது என் பாட்டி செய்தது" என்று ஜெர்மனில் சொல்லி நீட்ட மகள் பத்து நாள் கண்ணாடி முன்னால் பழகினாள். அந்த டப்பாவைத்தான் அன்றைக்கு ராத்திரி பதினாறு பிள்ளைகளும் பகிர்ந்து தின்று தண்ணீர் குடித்துப் படுத்தார்கள். என் அம்மாவிடம் இன்றுவரை இதைச் சொல்லவில்லை. அந்தம்மாவுக்குப் பிடித்ததா என்று போனவாரம்கூடக் கேட்டார்.

வகுப்புக் கணக்கு: வாரத்துக்கு 20 பாடம், ஒரு பாடம் 45 நிமிடம், இரண்டு வாரத்துக்கு 40. மகளின் நோட்டில் தேதி வாரியாக இருக்கிறது, நகல் இணைத்திருக்கிறேன். முதல் திங்கள் வகுப்பே இல்லை. செவ்வாய், புதன் நான்கு நான்கு. வியாழன் வகுப்பு ரத்து, கொலோன் பேராலயம் காட்டக் கூட்டிப் போனீர்கள். வெள்ளி இரண்டு பாடத்தோடு ஆசிரியர் கிளம்பிவிட்டார். அடுத்த திங்கள் நான்கு. செவ்வாய் ரைன் நதியில் படகு. புதன் ஷாப்பிங். வியாழன், மே 29, இயேசு விண்ணேற்ற நாள். ஜெர்மனி முழுக்கப் பொது விடுமுறை. மறுநாளும் பள்ளியைத் திறக்கவில்லை. ஆக மொத்தம் 14. காலண்டர் பார்த்துத் தேதி குறிக்க வேண்டியது யார்? கிறிஸ்தவர்கள் இத்தனை பேர் இருக்கும் எங்கள் ஊரில் ஞாயிறு பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கேட்டிருந்தாலே ஈஸ்டரிலிருந்து எண்ணிச் சொல்லியிருக்குமே.

கொலோன் பேராலயம் 1248-இல் தொடங்கி 1880-இல் முடித்த கட்டடமாம். உங்கள் ரீஃபண்டும் அந்தக் கணக்கில்தான் நடக்கிறது போலிருக்கிறது.

இதில் எனக்கு அதிகம் வலிப்பது அந்தக் கடைசி வெள்ளி. அன்றைக்குத்தான் பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து நிமிடம் ஜெர்மனில் பேசுவதாக இருந்தது. மகள் ரிங்கல்தௌபேயைப் பற்றி எழுதி வைத்திருந்தாள். அன்றைய பிரஷ்யாவில் பிறந்தவர், தரங்கம்பாடியில் ஒரு வருடத்துக்கு மேல் தங்கித் தமிழ் படித்துவிட்டு 1806-இல் எங்கள் மயிலாடிக்கு வந்த மிஷனரி. (அவர் பிறந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது, அது வேறு விஷயம்.) "அவர் எங்கள் மொழியைப் படித்து எங்களிடம் வந்தார், நான் உங்கள் மொழியைப் படித்து உங்களிடம் வந்திருக்கிறேன்" என்று அந்தத் தாள் முடிகிறது. பூட்டிய வகுப்பறைக்கு வெளியே நின்று போட்டோ எடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

"ஊரில் பேசினதைவிட அங்கேதான் அப்பா நிறையத் தமிழ் பேசினோம்" என்றாள் வந்தவுடன். அவளோடு உண்மையில் ஜெர்மன் பேசிய ஒரே ஆள் விடுதிச் சமையலறையில் இருந்த ஒரு பெண்மணி. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஆண்பாலுக்கு டேர், பெண்பாலுக்கு டீ, இரண்டும் இல்லாததற்கு டாஸ், இந்த மூன்றில் எது எங்கே வரும் என்று தட்டுக் கழுவிக்கொண்டே திருத்துவாராம். 'மேட்ஷென்' என்றால் பெண்பிள்ளை, ஆனால் அதற்கு 'டாஸ்' போட வேண்டும், பெண்பிள்ளையை அஃறிணையில் சொல்கிற மாதிரி என்று மகள் வியந்து சொன்னாள். அவருக்கு உங்கள் கம்பெனி ஒரு பைசா கொடுத்திருக்காது.

விசா கட்டணம். இதை நீங்கள் சாமர்த்தியம் என்று நினைத்திருக்கலாம். படிப்புக்காகப் போகும் பள்ளி மாணவர்களுக்கும் கூடப்போகும் ஆசிரியர்களுக்கும் ஷெங்கன் விசா (ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) கட்டணம் கிடையாது. ஐரோப்பிய விசா விதித் தொகுப்பின் 16-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பெரியவர்களுக்கு 90 யூரோ, இவர்களுக்குத் தள்ளுபடி. பாஸ்போர்ட்டோடு வந்த ரசீதில் விசா கட்டணம் என்ற இடத்தில் பூஜ்யம்தான் இருக்கிறது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி, அதை நான் கேட்கவில்லை. பூஜ்யத்துக்கு எங்களிடம் 9,500 வாங்கியிருக்கிறீர்கள், பிள்ளைக்குப் பிள்ளை.

விசா என்றதும் கொச்சி ஞாபகம் வருகிறது. பன்னிரண்டு வயது நிரம்பியவர்கள் விரல்ரேகை கொடுக்க நேரில் வர வேண்டும் என்றீர்கள், நியாயம். கொச்சியில் காலை ஒன்பது மணிக்கு என்றீர்கள். பரீட்சை நேரத்தில், 16 பிள்ளைகளோடு ராத்திரி நாகர்கோவிலில் ரயில் ஏறினோம். போக வர 500 கிலோமீட்டருக்கு மேல். வாசலில் செக்யூரிட்டி பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரு பெயரும் இல்லை என்றார். உங்களுக்குப் போன் செய்தால், "சென்னைக்கு மாத்திட்டோமே, மெயில் பார்க்கலையா?" மெயில் வந்த நேரம் முந்தின ராத்திரி 11.48. அப்போது நாங்கள் ரயிலில். ஒரு பிள்ளை வாந்தி எடுத்து நடைபாதையிலேயே படுத்துவிட்டாள். மறுவாரம் 700 கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்குப் போனோம். மஸ்கட்டில் என் மனைவி தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பிய சம்மதக் கடிதத்தை நீங்கள் தொலைத்து, அவள் மறுபடி லீவு போட்டு வாங்கி அனுப்பியதும் இந்த அலைச்சலோடு சேர்ந்தது.

நாகர்கோவில் கிளைக்கு ஜூலையில் இரண்டு முறை போனேன். இரண்டாம் முறை போர்டே இல்லை. மார்த்தாண்டத்துக்கு மாறிவிட்டது என்றார் பக்கத்துக் கடைக்காரர். அங்கே மேம்பாலத்துக்கு அடியில் வெயிலில் ஒரு மணி நேரம் விசாரித்தேன், அப்படி ஓர் அலுவலகத்தையே யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து 5,000 ரூபாய்க் கூப்பன் அனுப்பினீர்கள், அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாமாம். அடுத்த பயணமா? உங்களோடு திருச்செந்தூருக்குக்கூட வர மாட்டேன்.

டிசிஎஸ் 11,000 என் 26ஏஎஸ் வருமான வரிக் கணக்கில் இன்றுவரை ஏறவில்லை. வரி பிடித்ததற்கான 27டி சான்றிதழும் தரவில்லை. பிடித்த வரியைக் கட்டவில்லையென்றால் அது எனக்கும் உங்களுக்கும் மட்டுமான விஷயம் இல்லை என்பது உங்கள் கணக்குப் பிள்ளைக்குத் தெரியும்.

எனக்கு உங்களோடு விரோதம் இல்லை. நல்லபடியாக முடித்துக்கொள்ளவே விரும்புகிறேன். பேக்கேஜ் வித்தியாசம் 45,000, நடக்காத 26 பாடத்துக்கான கட்டணம், விசா கட்டணம் 9,500, கொச்சிக்குப் போய் வந்த செலவு 3,200, இவற்றை 15 நாளுக்குள் அனுப்புங்கள். 27டி சான்றிதழையும் தாருங்கள். அந்தத் தம்பி எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். தமிழில்.

இல்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. என் மகளின் மூன்று வருட உழைப்பு, ஏன், அவள் எதிர்காலமே இதில் போயிருக்கிறது. அங்கே போனால் மன உளைச்சலுக்குத் தனியாக 5 லட்சம் கேட்பேன். மற்ற 15 பெற்றோரும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்கள். அதுவரை போக விடாதீர்கள் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை

இணைப்பு: ரசீதுகள், விசா ரசீது நகல், மகளின் நோட்டுப் பக்கங்கள், நீலத் தாளின் மூன்றாம் பக்கம்.

பின்குறிப்பு: போனில் பேசுவதாக இருந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், பகலில் கடையில் ஆள் இருக்கும். அந்தத் தம்பியை வைத்துக் கூப்பிட வேண்டாம். கேரளப் பிரிவில் இருந்த அந்தப் பெண் பேசினாலும் போதும், அவருக்கு நான் பேசியது புரிந்தது.